ஆஸ்டின் சொல்லாமல் விட்ட உடைகள்

1813ஆம் ஆண்டு மே மாதம். லண்டன் ஸ்பிரிங் கார்டன்ஸில் ஓர் ஓவியக் கண்காட்சி. ஹாம்ப்ஷயர் கிராமத்திலிருந்து அண்ணன் ஹென்றியின் வீட்டுக்கு வந்திருந்த ஜேன் ஆஸ்டினுக்கு அப்போது 37 வயது. சுவர்களில் வரிசையாக மாட்டியிருந்த உருவப்படங்களுக்கு நடுவே அவர் இரண்டு பெண்களைத் தேடிக்கொண்டிருந்தார். ஒருத்தி மிசஸ் பிங்லி, இன்னொருத்தி மிசஸ் டார்சி. இருவருமே அவருடைய கற்பனையில் பிறந்தவர்கள். அந்த வருடம் ஜனவரி 28 அன்று வெளியான ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் முடிவில் கல்யாணமாகிப் போன அக்காவும் தங்கையும். மிசஸ் பிங்லி அகப்பட்டுவிட்டாள் என்று தன் அக்கா கசாண்ட்ராவுக்குக் கடிதம் எழுதினார் ஆஸ்டின். வெள்ளை கவுனும் பச்சை அலங்காரமுமாக இருந்த ஒரு படம் அவளை அப்படியே உரித்து வைத்திருந்ததாம். அவளுக்குப் பச்சை பிடிக்கும் என்பது தனக்கு முன்பே தெரிந்ததுதான் என்றும் சேர்த்துக்கொண்டார். மிசஸ் டார்சி மஞ்சள் உடுத்தியிருப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் மட்டும் எந்தக் கண்காட்சியிலும் அகப்படவில்லை.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நாவலைத் திரும்பக் கையில் எடுப்பவர்களுக்கு ஆச்சரியம் காத்திருக்கிறது. பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. பின்னாளில் மிசஸ் டார்சியாகும் எலிசபெத்துக்கு அழகான கண்கள் என்று நாவல் சொல்கிறது; துடிப்பான நடை என்று தெரிகிறது; ஒரு முறை அவளுடைய உள்பாவாடை சேறாகிறது. அவ்வளவுதான். நடன விருந்திலிருந்து திரும்பிய அவளுடைய அம்மா மிசஸ் பென்னட், அங்கே வந்திருந்த பெண்களின் லேஸ் வேலைப்பாட்டை வர்ணிக்க ஆரம்பிக்கும்போது கணவர் குறுக்கே புகுந்து நிறுத்திவிடுகிறார். அக்காவுக்கு எழுதிய கடிதங்களில் துணி, தொப்பி, கஜம் என்ன விலை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதிய அதே ஆஸ்டின், நாவலுக்குள் தையற்காரரை வாசலோடு நிறுத்திவிட்டார்.

அவருக்கு அது சரிப்பட்டது. அவருடைய காலத்து வாசகர்கள் அந்த உடைகளைத் தாங்களே உடுத்தியிருந்தார்கள். சொல்ல வேண்டிய தேவையில்லை. ஆனால் அதே கதையைத் திரையில் காட்ட நினைக்கிறவர்கள் எதையும் சொல்லாமல் விட முடியாது. கதாநாயகி வாசலைத் தாண்டி உள்ளே வரும்போது ஏதோ ஒரு நிறத்தில் வந்தாக வேண்டும். தொலைக்காட்சியில் காஸ்ட்யூம் டிராமா என்ற தொழில், நாவலாசிரியர்கள் சொல்லாமல் விட்ட இடங்களை ஊசியாலும் துணியாலும் நிரப்பிய கைகளின் வரலாறுதான். ஆஸ்டினின் இந்த ஒரு நாவலை வைத்தே அந்த வரலாறு முழுவதையும் பார்த்துவிடலாம். அரை நூற்றாண்டுக்கு மேல் பிபிசி அதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தது.

முதல் முறை 1938 மே மாதத்தில். லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் முழு நாவலும் நேரலையில் நடித்து முடிக்கப்பட்டது. பதிவு செய்யும் வழி கிடையாது. நடித்தார்கள், முடிந்தது, காற்றோடு போயிற்று. இரண்டு வருடம் கழித்து ஹாலிவுட்டில் எம்ஜிஎம் நிறுவனம் லாரன்ஸ் ஒலிவியே, கிரீர் கார்சன் நடிப்பில் சினிமாவாகவே எடுத்தது. திரைக்கதையில் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கும் பங்கு உண்டு. அந்தப் படத்தில் பெண்கள் 1830களைச் சேர்ந்த பெரிய பெரிய கைகளும் குடைபோல் விரிந்த பாவாடைகளும் போட்டுக்கொண்டு வருகிறார்கள். ஆஸ்டின் காலத்து மெல்லிய நேர் உடையைவிட அது திரையில் பகட்டாக இருந்தது. காலம் இருபது வருடம் தள்ளிப்போனதைப் பற்றி அந்த ஸ்டூடியோ கவலைப்படவில்லை.

1952இல் பிபிசி மறுபடியும் எடுத்தது, இந்த முறை ஆறு பகுதிகளாக. பின்னாளில் திகில் படங்களில் டிராகுலாவைத் துரத்திய பீட்டர் குஷிங்தான் டார்சி. 1958இல் இன்னொரு முறை. இரண்டும் இன்று கிடைப்பதில்லை. அந்தக் காலத்துத் திரை 405 வரிகள் கொண்டது. பூவேலைப்பாடு தெரியாது, துணியின் நெசவு தெரியாது. நேரலை என்பதால் நடிகை ஒரு காட்சி முடிந்ததும் கேமரா பார்க்காத பக்கமாக அடுத்த காட்சிக்கு ஓட வேண்டும். உடை மாற்ற நேரம் இருக்காது. உடை தைப்பவர் எவ்வளவு நுணுக்கம் செய்தாலும் பார்க்கிறவர் கண்ணுக்கு எட்டவில்லை. அப்படியிருந்தும் தைத்தார்கள். இந்தத் தொழிலின் கௌரவம் அங்கேதான் ஆரம்பிக்கிறது என்று சொல்ல வேண்டும்.

1967இல் காற்று மாறியது. கால்ஸ்வர்த்தியின் நாவல்களை வைத்து பிபிசி எடுத்த ‘தி ஃபோர்சைட் சாகா’ 26 பகுதிகள் ஓடியது. அடுத்த வருடம் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மறு ஒளிபரப்பானபோது, ஆளே வராமல் போகிறதே என்று சில தேவாலயங்கள் மாலை ஆராதனையின் நேரத்தை மாற்றிக்கொண்டன. சோவியத் யூனியன் வரை அந்தத் தொடர் விலைபோனது. பழைய நாவல், பழைய உடை, ஞாயிறு மாலை என்ற மூன்றும் சேர்ந்தால் நாடே வீட்டுக்குள் அடங்கிவிடும் என்பது அப்போது தெரிந்தது. அதே 1967இல் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ஸும் மறுபடி வந்தது. அதில் மூத்த அக்கா ஜேனாக நடித்தவர் பாலி ஆடம்ஸ். 28 வருடம் கழித்து 1995 தொடரில் அதே ஜேனாக நடித்த சூசன்னா ஹார்க்கர் அவருடைய மகள். ஒரு குடும்பத்துக்குள்ளேயே ஒரு பாத்திரம் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறியிருக்கிறது.

1980இல் ஃபே வெல்டன் எழுதிய தொடர் வந்தது. நல்ல எழுத்து, எலிசபெத் கார்வியின் நிதானமான நடிப்பு. அதையே சிறந்தது என்று இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் வீட்டுக்குள் நடக்கும் காட்சிகள் ஸ்டூடியோவில் வீடியோவாக எடுக்கப்பட்டவை. விளக்கு வெளிச்சம் எல்லா மூலையிலும் சமமாக விழுகிறது. உடைகள் அரங்கத்து உடைகளாகவே தெரிகின்றன. அடுத்த வருடமே கிரனாடா நிறுவனம் ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ தொடரை முழுக்க ஃபிலிமில், காசில் ஹோவர்ட் மாளிகையிலேயே போய் எடுத்துக் காட்டியது. அதற்குப் பிறகு ஸ்டூடியோச் சுவர்களுக்குள் பழைய காலத்தைக் காட்டுவது யாருக்கும் போதவில்லை. 1994 தொடக்கத்தில் வந்த ‘மிடில்மார்ச்’ அந்த வழியில் பிபிசிக்குத் தைரியம் கொடுத்தது. லிங்கன்ஷயரின் ஸ்டாம்ஃபோர்ட் நகரத் தெருக்களில் எடுக்கப்பட்ட அந்தத் தொடருக்குத் திரைக்கதை எழுதியவர் ஆண்ட்ரூ டேவிஸ்.

அவரும் தயாரிப்பாளர் சூ பர்ட்விசிலும் 1986லிருந்தே ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ எடுக்க வேண்டும் என்று பேசிவந்தார்கள். இப்போதுதானே ஒன்று வந்தது என்ற தயக்கத்தில் திட்டம் பல வருடம் கிடப்பில் கிடந்தது. கடைசியில் பிபிசி ஒப்புக்கொண்டு, அமெரிக்காவின் ஏ அண்ட் இ சேனலும் செலவில் பங்கெடுத்ததால், ஒரு பகுதிக்குச் சுமார் 10 லட்சம் பவுண்டு என்ற கணக்கில் வேலை தொடங்கியது. சைமன் லாங்டன் இயக்குநர். 1994 ஜூனில் ஆரம்பித்து நவம்பர் வரை படப்பிடிப்பு.

உடைப் பொறுப்பு டைனா காலினுக்கு. அருங்காட்சியகங்களில் எஞ்சியிருக்கும் அந்தக் காலத்து உடைகளைப் போய்ப் பார்த்துப் பார்த்து அவர் வேலை செய்தார். சில உடைகள் வாடகைக்கு வந்தன. பல புதிதாகத் தைக்கப்பட்டன. பென்னட் வீட்டுப் பெண்களுக்கு வெளிர் நிறப் பருத்தி. அதிலும் எலிசபெத்துக்கு மண்ணோடு ஒட்டிய நிறங்கள். பணக்கார கேரலைன் பிங்லிக்குக் கனமான, விலையுயர்ந்த துணி. டார்சிக்குக் கரும்பச்சையும் சாம்பலும், அவனுடைய கலகலப்பான நண்பன் பிங்லிக்குப் பழுப்பு. இந்தப் பிரிவினையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் நெதர்ஃபீல்ட் மாளிகையின் வரவேற்பறையில் எலிசபெத்தும் கேரலைனும் அருகருகே நடக்கும்போது, யாரிடம் பணம் இருக்கிறது, யாருக்கு மூச்சு விட வசதியான உடுப்பு இருக்கிறது என்பதைப் பார்க்கிறவர் கண் ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிடுகிறது. ஆஸ்டின் பத்து வரி உரையாடலில் செய்வதை காலின் ஒரு துணியில் செய்தார். ஜெனிஃபர் ஈலியின் சொந்த முடி பொன்னிறம். எலிசபெத்துக்காகக் கருமையான விக் வைத்தார்கள். டார்சியாக நடித்த காலின் ஃபிர்த்தின் தலைமுடியும் கருமையாக்கப்பட்டது.

அந்தப் பருத்திக்குப் பின்னால் ஒரு கடல் வழி இருக்கிறது. மார்புக்குக் கீழே கட்டி நேராகத் தொங்கும் அந்த மெல்லிய கவுன் மோஸ்தரானதற்குக் காரணமே மஸ்லின். டாக்காவைச் சுற்றிய வங்காளத்து நெசவாளர்களின் மஸ்லினை முதலில் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலில் கொண்டுவந்தது. பிறகு இங்கிலாந்து, ஸ்காட்லாந்து ஆலைகளே அதைப் போல நெய்ய ஆரம்பித்தன. ஆஸ்டினின் ‘நார்தாங்கர் ஆபி’யில் ஹென்றி டில்னி என்ற இளைஞன், தங்கைக்கு அசல் இந்திய மஸ்லினை மலிவு விலைக்கு வாங்கிக்கொடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

ஆஸ்டின் குடும்பத்துக்கு இந்தக் கடல் வழி நேரடியாகவே தெரியும். அவருடைய அத்தை ஃபிலடெல்ஃபியா ஆஸ்டின் சின்ன வயதிலேயே பெற்றோரை இழந்தவர். 15 வயதில் லண்டன் கோவென்ட் கார்டனில் தொப்பியும் பெண்கள் உடையும் தைக்கும் கடை ஒன்றில் வேலை பழகச் சேர்க்கப்பட்டார். சீர் கொடுக்க யாரும் இல்லாத பெண்ணுக்கு இங்கிலாந்தில் மாப்பிள்ளை கிடைப்பது பெரும்பாடு. 1752 ஜனவரியில் கப்பலேறி ஆகஸ்டில் சென்னையில் வந்து இறங்கினார். அடுத்த பிப்ரவரியில் கடலூரில் கல்யாணம். மாப்பிள்ளை செயின்ட் டேவிட் கோட்டையின் மருத்துவர் டைசோ சால் ஹான்காக். அவர்களுடைய மகள் எலைசா 1761இல் கல்கத்தாவில் பிறந்தார். பின்னாளில் ஜேன் ஆஸ்டினின் அண்ணன் ஹென்றிக்கே மனைவியானார். 1813 மே மாதத்தில் ஹென்றியின் வீட்டில் தங்கி ஓவியங்களுக்கு நடுவே மிசஸ் டார்சியைத் தேடினாரே ஆஸ்டின், அப்போது அந்த எலைசா இறந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பணமில்லாத பெண் என்ன செய்வாள் என்ற கேள்வி இந்த நாவலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஓடுகிறது. அந்தக் கேள்விக்கு ஒரு பதிலாகக் கடலூர் வரை வந்த ஒருவர் ஆஸ்டினின் சொந்த வீட்டிலேயே இருந்தார். வெளிர் நிறப் பருத்தியில் சிரித்துப் பேசும் பென்னட் பெண்களைத் திரையில் பார்க்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

டேவிஸின் திரைக்கதை நாவலின் புகழ்பெற்ற முதல் வாக்கியத்தில் ஆரம்பிக்கவில்லை. இரண்டு ஆண்கள் குதிரையில் நாலுகால் பாய்ச்சலில் வயல் வழியே வருகிறார்கள். மேட்டில் நின்று ஒரு பெண் பார்க்கிறாள். பார்த்துவிட்டுச் சரிவில் இறங்கி வேகமாக ஓட்டமும் நடையுமாக வீடு திரும்புகிறாள். அந்த முதல் வாக்கியம் பிறகு அவள் வாயிலேயே ஒரு கிண்டல் பேச்சாக வருகிறது. ஆஸ்டினின் மனிதர்களுக்கு உடம்பு உண்டு, மூச்சிரைக்கும், வியர்க்கும் என்று டேவிஸ் முதல் நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். காய்ச்சலில் படுத்திருக்கும் அக்காவைப் பார்க்க எலிசபெத் மூன்று மைல் நடந்து நெதர்ஃபீல்டுக்குப் போகும் காட்சி இதற்கு நல்ல சாட்சி. நாவலில் அந்தச் சேறு ஒரு வம்புப் பேச்சாக வருகிறது. அவள் அறையை விட்டுப் போனதும் பிங்லியின் சகோதரிகள் அவளுடைய உள்பாவாடையைப் பற்றிச் சிரிக்கிறார்கள். தொடரில் நாம் முதலில் சேற்றைப் பார்க்கிறோம். வேலியைத் தாண்டுகிறாள், கால் வழுக்குகிறது, கன்னம் சிவந்திருக்கிறது, பூட்ஸில் மண் அப்பியிருக்கிறது. மாளிகைத் தோட்டத்தில் டார்சி எதிரே வந்து நிற்கும்போது அந்தப் பாவாடை விளிம்புதான் இருவருக்கும் நடுவே இருக்கிறது. ஸ்டூடியோவுக்குள் எடுத்த எந்தத் தொடராலும் இதைச் செய்திருக்க முடியாது. மண் வேண்டும், அந்த மண் ஒட்டுகிற அசல் பருத்தி வேண்டும்.

நெதர்ஃபீல்ட் நடன விருந்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் பிராக்கெட் ஹாலில் எடுக்கப்பட்டது. நடனங்களை அமைத்தவர் ஜேன் கிப்சன். டார்சியும் எலிசபெத்தும் ஆடும் அந்த நடனம் 1695இல் பிளேஃபோர்டின் நடன நூலில் அச்சானது. கதை நடக்கும் காலத்துக்கு நூறு வருடத்துக்கும் மேல் பழசு. நடன வரலாறு தெரிந்தவர்கள் இதைக் குற்றமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நடனத்தின் அமைப்பே அந்தக் காட்சிக்கு உயிர். இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், நெருங்குகிறார்கள், விலகுகிறார்கள், ஒருவரை ஒருவர் சுற்றி வருகிறார்கள். நெருங்கும்போது ஒரு வாக்கியம், விலகும்போது மௌனம். பேச்சில் குத்தல் இருக்கிறது. கையுறை போட்ட கைகள் தொட்டுப் பிரிகின்றன. பக்கத்தில் ஆடுகிறவர்களுக்குக் கேட்கக் கூடாது என்பதால் முகத்தில் எதுவும் காட்டாமல் சண்டை போட வேண்டும். சரியான வருடத்து நடனம் ஒன்றைப் போட்டிருந்தால் நடன ஆய்வாளர்கள் திருப்தி அடைந்திருப்பார்கள். இந்தக் காட்சி கிடைத்திருக்காது. கார்ல் டேவிஸின் இசையும் அதே துணிச்சலோடு இருக்கிறது. பீத்தோவனின் செப்டெட்டைக் காதில் வைத்துக்கொண்டு, நவீன பியானோவுக்குப் பதில் அந்தக் காலத்து ஃபோர்டெபியானோவைக் கொண்டு அமைத்தார். வாசித்தவர் சிங்கப்பூரில் பிறந்த மெல்வின் டான்.

வீடுகளைத் தேடிப் பிடிப்பது இன்னொரு கலை. வில்ட்ஷயரின் லேகாக் கிராமம் நாவலின் மெரிட்டன் ஊரானது. லக்கிங்டன் கோர்ட் பென்னட் குடும்பத்து வீடானது. லேடி கேத்தரினின் ரோசிங்ஸ் மாளிகைக்கு லிங்கன்ஷயரின் பெல்டன் ஹவுஸ். டார்சியின் பெம்பர்லிக்கு மட்டும் இரண்டு மாளிகைகள் தேவைப்பட்டன: வெளிப்புறத்துக்கு செஷயரின் லைம் பார்க், உட்புறத்துக்கு டெர்பிஷயரின் சட்பரி ஹால். டார்சியின் வருமானம் ஆண்டுக்கு 10,000 பவுண்டு. எலிசபெத்தின் அப்பாவுக்கு 2,000. அதுவும் ஆண் வாரிசு இல்லாததால் அவர் கண்ணை மூடியதும் வீடு தூரத்து உறவினர் கையில் போய்விடும். இந்த எண்களை நாவலில் படிக்கும்போது அவை எண்களாகவே நிற்கின்றன. லக்கிங்டன் கோர்ட்டின் அடக்கமான முன்வாசலைப் பார்த்த கண்ணுக்கு, மரங்கள் விலகி ஏரிக்கு அப்பால் லைம் பார்க் முழுதாகத் தெரியும்போது, டார்சியின் கல்யாணப் பேச்சை மறுத்த எலிசபெத் எதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் என்பது அடிவயிற்றில் தெரிகிறது.

அந்த ஏரிக்கு வருவோம். நாவலில் அப்படி ஒரு காட்சியே இல்லை. பெம்பர்லியைச் சுற்றிப் பார்க்க வந்த எலிசபெத்தின் முன்னால், மறுநாள் வர வேண்டிய டார்சி ஒரு நாள் முன்னதாகவே வந்து நிற்கிறான்; இருவரும் வெட்கத்தில் சிவக்கிறார்கள். டேவிஸ் அந்த வெட்கத்தைக் கண்ணுக்குத் தெரிய வைக்க விரும்பினார். வெயிலில் குதிரையில் வந்த களைப்பில் டார்சி குளத்தில் குதித்து எழுந்து வருகிறான். கோட்டு இல்லை, வெய்ஸ்ட்கோட் இல்லை, கழுத்துத் துணி இல்லை. ஈரச் சட்டை உடம்போடு ஒட்டியிருக்கிறது. உடையே இல்லாமல் குதிக்க வேண்டும் என்பதுதான் டேவிஸின் முதல் எண்ணம். அதற்கு வழியில்லாமல் போகவே சட்டையோடு குதித்தான். குளத்துத் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பரவும் அபாயம் இருந்ததால் ஃபிர்த்துக்குப் பதில் ஒரு ஸ்டண்ட் கலைஞர் குதித்தார்; தண்ணீருக்கு அடியில் நீந்தும் சில நொடிகள் ஈலிங் ஸ்டூடியோவின் தொட்டியில் எடுக்கப்பட்டவை.

இந்தக் காட்சியை வெறும் கவர்ச்சி என்று ஒதுக்கிவிடுவது சுலபம். அதுவரை டார்சியை நாம் பெரும்பாலும் கழுத்துவரை கட்டிய துணியோடுதான் பார்த்திருக்கிறோம். 1813இன் கனவான் ஒருவன் ஒரு பெண்ணின் எதிரே வெறும் சட்டையோடு நிற்பது அரை ஆடையோடு நிற்பதற்குச் சமம். எதைப் பேசுவது என்று தெரியாமல் அவளுடைய அம்மா அப்பா சௌக்கியமா என்று கேட்டதையே மறுபடியும் கேட்கிறான். ஓடிப்போய் முறையாக உடை மாற்றிக்கொண்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டே படியிறங்கி வருகிறான். கர்வம் கழன்று விழுந்ததை உடையை வைத்தே சொல்லியிருக்கிறார்கள். இதைவிடச் சரியாக உடை பேசிய காட்சி தொலைக்காட்சியில் குறைவு.

ஆனாலும் இந்தத் தொடரின் உச்சம் ஈரச் சட்டை இல்லை. அடுத்த பகுதியில், பெம்பர்லியின் இசை அறையில் வரும் ஒரு மாலை. டார்சியின் தங்கை ஜார்ஜியானா பியானோ வாசிக்கிறாள். கேரலைன் வேண்டுமென்றே விக்கம் என்ற பெயரை இழுக்கிறாள். அந்த விக்கம்தான் முன்பு அந்தச் சிறுமியை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்த்தவன். ஜார்ஜியானாவின் விரல்கள் தடுமாறி நிற்கின்றன. எலிசபெத் சட்டென்று எழுந்து பியானோவுக்குப் போய், தாளைப் புரட்டாமல் விட்டது என் தவறு என்பதுபோல் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறாள். இசை மறுபடி தொடங்குகிறது. பியானோவுக்கு மேலாக அவள் நிமிர்ந்து டார்சியைப் பார்க்கிறாள். அவன் அவளைப் பார்க்கிறான். அந்தப் பார்வை அப்படியே நீள்கிறது. அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. வசனம் கிடையாது. மெழுகுவர்த்தி வெளிச்சம், வெளிர் நிற உடை, கரிய கோட்டு. காதல் கதை பார்க்கிற எவருக்கும் இதற்கு மேல் என்ன வேண்டும்?

1995 செப்டம்பர் 24 தொடங்கி அக்டோபர் 29 வரை, ஆறு ஞாயிறு இரவுகள். ஒரு கோடிக்கும் மேற்பட்டவர்கள் பார்த்தார்கள். மூன்றாம் பகுதி டார்சி தன் காதலைக் கொட்டுகிற இடத்தில் நின்றது. அவள் பதில் சொல்ல அடுத்த ஞாயிறு வரை காத்திருக்க வேண்டும். அலுவலகத்தில், பேருந்தில், கடையில் அந்த ஆறு நாளும் பேச்சு இதுதான். பொறுக்க முடியாதவர்களுக்காக, ஒளிபரப்பு முடிவதற்கு முன்பே பிபிசி வீடியோ கேசட்டை வெளியிட்டது. முதலில் வந்த 12,000 பிரதிகள் இரண்டே மணி நேரத்தில் தீர்ந்துபோயின. முடிவு தெரிந்த கதை, 182 வருடமாக எல்லோரும் படித்த கதை. அப்படியும் காத்திருக்க முடியவில்லை. அடுத்த வருடம் ஈலிக்குச் சிறந்த நடிகைக்கான பாஃப்டா விருது, டைனா காலினுக்கு உடை வடிவமைப்புக்கான எம்மி விருது. லைம் பார்க்குக்கு வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். தொடர் ஒளிபரப்பான வருடம் ஒரு நாளிதழில் பிரிட்ஜெட் ஜோன்ஸ் என்ற பெண்ணின் நாட்குறிப்பைப் பத்தியாக எழுதிக்கொண்டிருந்த ஹெலன் ஃபீல்டிங், தன் கதாநாயகனுக்கு டார்சி என்றே பெயர் வைத்தார். 2001இல் அது சினிமாவானபோது அந்த டார்சியாகவும் ஃபிர்த்தே நடித்தார்.

இந்தியாவில் இந்தக் கதைக்கு முன்பே வீடு கிடைத்திருந்தது. 1985இல் தூர்தர்ஷன் ‘த்ரிஷ்ணா’ என்ற இந்தித் தொடராக அதை ஒளிபரப்பியது. ஆஸ்டினின் இன்னொரு நாவலான ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யை ராஜீவ் மேனன் 2000இல் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ ஆக எடுத்தபோது, காஸ்ட்யூம் டிராமா செய்வதற்கு நேர் எதிரானதைச் செய்தார். பழைய உடையை முழுக்கக் கழற்றிவிட்டு, செட்டிநாட்டு வீட்டையும் பட்டுப்பாவாடையையும் கொடுத்தார். குடும்ப வீடு கைமாறிப் போகிற துயரமும், வேலை தேடி நகரத்துக்கு வருகிற பெண்களும் அந்தப் புது உடுப்பில் கச்சிதமாகப் பொருந்தினார்கள்.

1995 தொடருக்குப் பத்து வருடம் கழித்து ஜோ ரைட் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ஸைச் சினிமாவாக எடுத்தபோது, மார்புக்குக் கீழே கட்டும் அந்த உயர்ந்த இடுப்பு உடை தனக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணமாக, கதையின் காலத்தையே 1790களுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆஸ்டின் முதல் பிரதியை எழுதிய காலம் அதுதான் என்ற நியாயமும் அவரிடம் இருந்தது. 1940இல் எம்ஜிஎம் உடைக்காகக் காலத்தை முன்னே தள்ளியது, 2005இல் ரைட் பின்னே இழுத்தார். நாவலில் நிறமே இல்லாத இடத்தில் ஒவ்வொரு தலைமுறையும் தன் விருப்பத்தை எழுதிக்கொள்கிறது.

தைத்த உடைகள் படப்பிடிப்போடு செத்துப்போவதில்லை. லண்டனில் காஸ்ப்ராப் போன்ற வாடகைக் கிடங்குகளில் அவை ரகம் ரகமாகத் தொங்கும்; இடுப்பைப் பிரித்து, கையை மாற்றித் தைத்து, வேறு கதையில் வேறு நடிகைக்குப் போகும். ஒரு படத்தில் கதாநாயகி போட்ட கவுனை இன்னொரு தொடரில் பின்வரிசையில் நிற்கும் பெண் போட்டிருப்பதைக் கண்டுபிடிப்பதற்கென்றே ரசிகர்கள் இருக்கிறார்கள். 1965இல் காஸ்ப்ராப்பைத் தொடங்கிய ஜான் பிரைட், ‘எ ரூம் வித் எ வியூ’ படத்தின் உடைகளுக்காக ஜென்னி பீவனோடு ஆஸ்கர் வாங்கியவர். அவருடைய கிடங்கிலிருந்து பல உடைகள் 2024 மார்ச்சில் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. அவற்றில் ஒன்று, காலின் ஃபிர்த் ஏரிக்காட்சியில் போட்டிருந்த வெள்ளைச் சட்டை. மதிப்பிட்ட விலை 10,000 பவுண்டைத் தாண்டவில்லை. ஏலம் 20,000 பவுண்டுக்குப் போனது. பணம், குழந்தைகளுக்குக் கலை கற்றுக்கொடுக்க பிரைட் நடத்தும் அறக்கட்டளைக்குச் சென்றது.